பின்னாடி எத்தனை பல்லு போடலாம்?

இந்த மாசம் வந்த கடிதத்துல பாதிக்கு மேல ஃபிக்ஸட் கியர் சைக்கிள் பத்தித்தான், அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளி வச்சிட்டேன். தெரியாதவங்களுக்கு மட்டும் ஒரு வரி: ஃபிக்ஸட்னா பின் சக்கரத்துல ஃப்ரீவீல் கிடையாது, பல்சக்கரம் ஹப்போட, அதான் சக்கரத்து நடுக் குடத்தோட, சேர்ந்து இறுகி இருக்கும், சக்கரம் சுத்துற வரைக்கும் பெடலும் சுத்திக்கிட்டே இருக்கும், காலைச் சும்மா வைக்க முடியாது, ஓட்டும்போது கியர் மாத்தவும் முடியாது. இருக்கறது ஒண்ணே ஒண்ணு, அந்த ஒண்ணை எண்ணிப் பாத்துப் போடணும்.

அண்ணே, நான் பாம்பன். தினமும் பாலம் தாண்டி மண்டபத்துக்கு வேலைக்குப் போறேன். சென்னையில இருந்து ஒரு பழைய ஃபிக்ஸட் வண்டி வாங்கிட்டு வந்தேன், முன்னாடி 48 பல்லு, பின்னாடி 16. ஊருக்குள்ள பறக்குது, ஆனா கச்சான் காத்து, அதான் தென்மேற்குக் காத்து, அடிக்கிற நாள்ல பாலத்துல பாதியில இறங்கித் தள்ளுறேன். மலையே இல்லாத ஊருல ஏன் இப்படி? இன்னொண்ணு, ஸ்கிட் அடிச்சு, அதாவது பெடலைக் காலால இறுக்கிப் பின் சக்கரத்தைச் சறுக்க விட்டு, நிறுத்திப் பழகினேன், பின் டயர் ஒரே இடத்துல தேஞ்சு உள்ள நூலு தெரியுது.

தம்பி, நம்ம ஊருல மலை இல்லன்னு யார் சொன்னா, காத்துதான் நமக்கு மலை. நானும் முதல்ல 48-16 தான் போட்டேன், படத்துல பாக்குற வண்டியெல்லாம் அப்படி இருக்கேன்னு போட்டது. ஆடி மாசம் ஒரு நாள் பாம்பன்ல இருந்து மண்டபம் திரும்பும்போது பாலத்தோட உச்சிக்குக் கொஞ்சம் முன்னாடி கால் அப்படியே நின்னுபோச்சு, பெடல் மூணு மணி முள்ளு மாதிரி முன்னாடி நிக்குது, முழு உடம்பையும் அது மேல ஏத்தி நிக்குறேன், அது கீழ போக மாட்டேங்குது. கைப்பிடிச் சுவரைப் பிடிச்சிக்கிட்டு இறங்கி நின்னேன், கீழ தண்ணியில வள்ளம் ஒண்ணு ஆடிக்கிட்டு இருந்துச்சு. அன்னிக்கு வீட்டுக்கு வந்துதான் பேப்பர் எடுத்து கணக்குப் போட்டேன், அதை இப்ப உங்களுக்கும் போட்டுக் காட்டுறேன்.

முன்பல்லை பின்பல்லால வகுங்க. 48-ஐ 16-ஆல வகுத்தா 3. பெடல் ஒரு சுத்து சுத்தினா பின் சக்கரம் மூணு சுத்து. 700 சி டயரோட சுத்தளவு ஏறக்குறைய 2.1 மீட்டர், ஆக ஒரு மிதிக்கு வண்டி 6.3 மீட்டர் போகுது. சமதரையில காத்து இல்லாதப்ப இது சுகம்தான். ஆனா ஏத்தத்துல வேகம் 10 கிலோமீட்டருக்கு இறங்கிருச்சுன்னு வைங்க, நிமிஷத்துக்கு 26 சுத்துதான் கால் சுத்தும், ஒவ்வொரு சுத்தும் பாறாங்கல்லைத் தள்ளுற மாதிரி இருக்கும்.

இப்ப காத்துக்கு வருவோம். நீங்க 20 கிலோமீட்டர் வேகத்துல போறீங்க, எதிர்ல 20 கிலோமீட்டர் வேகத்துல காத்து வருது, உங்க நெஞ்சுல அடிக்கிறது 40 கிலோமீட்டர் காத்து. காத்தோட தடை வேகத்தோட வர்க்கத்துல ஏறும், வேகம் ரெண்டு மடங்குன்னா தடை நாலு மடங்கு. ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோன்னு வச்சு நான் போட்ட கணக்குல, அந்த எதிர்க்காத்து கூடுதலா ஏறக்குறைய 3 கிலோ எடைக்குப் பின்னாடி இழுக்குது, அதாவது நூறு மீட்டருக்கு மூணரை நாலு மீட்டர் உசர்ற ஏத்தத்துக்குச் சமம். பாலம் வேற கப்பல் போறதுக்காக நடுவுல உசத்திக் கட்டினது, 1988-ல திறந்ததுல இருந்து நம்ம ஜனங்க நடந்தும் மிதிச்சும் பழகின ஏத்தம்தான், ஆனா அந்த ஏத்தமும் காத்தும் ஒண்ணா சேரும்போது அது நிஜமாவே மலை. பக்கத்துல ஓடுன 1914-ம் வருஷத்து ரயில் பாலத்துல காத்து 58 கிலோமீட்டரைத் தாண்டினா ரயிலையே நிறுத்தி வைப்பாங்க, அப்பேர்ப்பட்ட இடம் அது. இன்னொரு வித்தியாசமும் இருக்கு. மலைன்னா ஒரு உச்சி வரும், அப்புறம் இறக்கம், கால் ஆறும். கச்சான்ல கீழக்கரையில இருந்து சாயல்குடி பக்கம் போய்ப் பாருங்க, இல்ல ஐப்பசி கார்த்திகையில வாடை அடிக்கும்போது தேவிபட்டினத்துல இருந்து தொண்டிக்குப் போய்ப் பாருங்க, உச்சியே வராது, மூஞ்சிக்கு நேரா கடைசி வரைக்கும் அடிக்கும்.

சரி, என்ன மாத்தலாம்? முன்னாடி கை வைக்காதீங்க, செயின் வீல் விலை கூட. பின்னாடி மாத்துறதுதான் சுலபம், அதுல பலனும் அதிகம். பின்னாடி ஒரு பல்லு கூட்டுறது முன்னாடி கிட்டத்தட்ட மூணு பல்லு குறைக்கறதுக்குச் சமம். உங்களுக்கு நான் சொல்றது பின்னாடி 19. 48-19ன்னா ஒரு மிதிக்கு 5.3 மீட்டர், இப்ப இருக்கறதை விட நூத்துக்கு 16 பங்கு லேசு. நிமிஷத்துக்கு 90 சுத்து சுத்தினா 28 கிலோமீட்டர் வேகம் வரும், ஊருக்குள்ள அதுக்கு மேல என்ன வேணும். ஒரு பல்லு கூட்டினா ஆக்சில் ஏறக்குறைய 3 மில்லி முன்னாடி நகரும், மூணு பல்லுக்கு 9 மில்லி, உங்க ஃபோர்க் காடியில அவ்வளவு இடம் இருந்தா பழைய செயினே போதும், இல்லன்னா கண்ணி சேக்கணும்.

டயர் விஷயமும் இதுலயே தீந்துடும், அதுக்காகத்தான் 18 சொல்லாம 19 சொன்னேன். ஒரே காலை முன்னாடி வச்சு ஸ்கிட் அடிக்கிறவங்களுக்கு, முன்பல் பின்பல் ரெண்டையும் பின்னமா சுருக்குங்க, கீழ என்ன எண் மிஞ்சுதோ டயர்ல அத்தனை இடத்துல மாத்தி மாத்தித் தேயும். 48-16 சுருக்கினா 3-க்கு 1, அதான் ஒரே இடம், அதான் நூல் தெரியுது. 48-18 சுருக்கினா 8-க்கு 3, மூணே இடம். 48-19 சுருங்கவே சுருங்காது, 19 இடம். ஆனா தம்பி, ஸ்கிட்டை பிரேக்கா நம்பாதீங்க, அந்தப் பாலத்துல டூரிஸ்ட் வண்டி பாதி ரோட்டுல நிப்பாட்டிட்டு கதவைத் திறப்பான், மணல் வேற படிஞ்சிருக்கும். முன் பிரேக் ஒண்ணு கட்டாயம் மாட்டுங்க. நூல் தெரியிற டயரை இன்னிக்கே கழட்டிப் போடுங்க.

அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா. கீழக்கரையில இருந்து எழுதுறேன். திருவனந்தபுரத்துல வேலை கிடைச்சிருக்கு. ரூம் ஒரு மேட்டு மேல, ஆபீஸ் இன்னொரு மேட்டு மேல, நடுவுல பள்ளம். என்கிட்ட இருக்கறது 46-17, இங்க நல்லா ஓடுது. அங்க போட்டா ஓடுமா, இல்ல வண்டியை வித்துட்டுப் போகவா?

வ அலைக்கும் ஸலாம் தம்பி. விக்காதீங்க, பல்லு மாத்தினா போதும். 46-17 நம்ம கடற்கரைக்கு ரொம்பப் பொருத்தமான கியர், ஆனா திருவனந்தபுரம் ஏத்த இறக்கமான ஊரு, அங்க சமதரைன்னு தொடர்ச்சியா கிடைக்காது.

முதல்ல போய் அந்த ஏத்தத்தை அளந்து பாருங்க. போன்ல ஆப் இருக்கு, ஆனா எனக்குப் பிடிச்ச வழி கொத்தனார் கையில இருக்குற ரசமட்டம். ஒரு மீட்டர் நீள மட்டம் வாங்கிக்குங்க, ஏத்தத்துல ரோட்டு மேல நீளவாக்குல வைங்க, கீழ்ப்பக்கத்து முனையை மெல்லத் தூக்குங்க, குமிழி நடுவுக்கு வந்ததும் தூக்கின முனைக்கும் ரோட்டுக்கும் நடுவுல ஸ்கேல் வச்சு அளங்க. 6 சென்டிமீட்டர்னா அது 6 சதவீத ஏத்தம், 10 சென்டிமீட்டர்னா 10 சதவீதம். நாலஞ்சு இடத்துல வச்சுப் பாத்து மோசமானதைக் குறிச்சுக்குங்க, அது எவ்வளவு தூரம் போகுதுன்னும் நடந்து அளந்துக்குங்க. சராசரி பாக்காதீங்க, சராசரி ஏத்தத்துல யாரும் வண்டியை விட்டு இறங்கறதில்ல.

ஆளும் வண்டியும் 80 கிலோன்னு வச்சா, 10 சதவீத ஏத்தத்துல பூமி 8 கிலோ எடைக்குப் பின்னாடி இழுக்குது. அது பெடலுக்கு வரும்போது பல மடங்கு ஆயிடும், ஏன்னா கிராங்க், அதான் பெடல் மாட்டின கை, 17 சென்டிமீட்டர், சக்கரத்தோட ஆரம் 33 சென்டிமீட்டர், அதோட கியர் விகிதமும் பெருக்கும். 46-17ல ஒரு சுத்துக்கு சராசரியா 42 கிலோ அழுத்தணும், ஆனா கால் ஒரே சீரா அழுத்தாது, பெடல் முன்னாடி இருக்கும்போதுதான் பலம், அந்த நேரத்துல ஒன்றரை மடங்குக்கு மேல, 65 கிலோ பக்கம் வந்துடும். உங்க எடை 68ன்னா உங்க முழு உடம்பும் அந்த ஒத்தைப் பெடல்ல நிக்கணும், ஒவ்வொரு மிதிக்கும். நூறு மீட்டர் முடியும், தினமும் அரைக் கிலோமீட்டர்னா ஒரு வாரத்துல முட்டி சொல்லிடும். அதே ஏத்தத்துல பின்னாடி 20 போட்டுப் பாருங்க, விகிதம் 2.3, சராசரி அழுத்தம் 36 கிலோவுக்கு இறங்கிடும், ஒரு மிதிக்கு 4.8 மீட்டர் போவீங்க. மேடு பள்ளமான ஊருக்கு என் அனுபவத்துல 2.2-ல இருந்து 2.4 வரைக்கும், நம்ம கடற்கரைக்கு 2.5-ல இருந்து 2.7 வரைக்கும். மூணுங்கறது வெலோட்ரோமுக்கு, அதான் சைக்கிள் பந்தய மைதானத்துக்கு.

ஏறுறதை மட்டும் யோசிச்சு இன்னும் லேசாப் போடலாமேன்னு தோணும், அங்கதான் ஃபிக்ஸட் கையைக் கட்டிப்போடுது. ஏறின மேட்டுல இருந்து இறங்கணும்ல, இறங்கும்போதும் கால் சுத்தும். 46-20ல 30 கிலோமீட்டர் வேகம்னா நிமிஷத்துக்கு 103 சுத்து, 40னா 138 சுத்து. 138ல பழகாத ஆளுக்கு இடுப்பு சீட்டுல குதிக்க ஆரம்பிச்சிடும், அந்த நேரத்துல கால் ஸ்ட்ராப்பை விட்டு வெளிய வந்துச்சுன்னா சுத்துற பெடலே முழங்காலை அடிக்கும். அதனால உங்களுக்கு முன்னாடியும் பின்னாடியும் ரெண்டு பிரேக். உச்சியிலயே, வண்டி வேகம் எடுக்கறதுக்கு முன்னாடியே பிடிக்க ஆரம்பிச்சிடுங்க, காலாலயும் எதிர்த்து மிதிச்சு 25 கிலோமீட்டருக்கு மேல போக விடாதீங்க.

இன்னொரு வழி, உங்க ஹப்போட ரெண்டு பக்கமும் மரை இருக்கான்னு பாருங்க. இருந்தா சக்கரத்தைக் கழட்டித் திருப்பி மாட்டலாம், ஒரு பக்கம் ஃபிக்ஸட் 18, அடுத்த பக்கம் ஃப்ரீவீல் 20. ரெண்டு பல்லு வித்தியாசத்துக்கு அதே செயின் தாங்கும். இது புதுசு இல்ல, டூர் டி பிரான்ஸ் பந்தயத்துல 1937-க்கு முன்னாடி வரைக்கும் டீரெய்லர் கியருக்கு, அதான் ஓட்டும்போதே செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் மாத்துற கியருக்கு, அனுமதி கிடையாது, பெரிய பெரிய வீரர்களே மலை அடிவாரத்துல இறங்கி, சக்கரத்தைக் கழட்டித் திருப்பிப் போட்டுத்தான் ஏறினாங்க. 15 நம்பர் ஸ்பேனர் ஒண்ணு பையில இருந்தா உங்களுக்கு ரெண்டு நிமிஷ வேலை.

ஏத்தத்துல சிக்னல் விழுந்து நின்னுட்டீங்கன்னா, சாதா சைக்கிள் மாதிரி பெடலைப் பின்னாடி சுத்தி வாகா வைக்க முடியாது. முன் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு சீட்டைப் பிடிச்சுப் பின் சக்கரத்தைத் தரையில இருந்து தூக்கி, பெடலை மேல கொண்டு வந்து வைங்க. கீழக்கரையில இருக்கும்போதே இதைப் பழகிட்டுப் போங்க. ஏத்தத்துல ஃபிக்ஸட் செய்யற நல்லதையும் சொல்லணும், கால் மேலயும் கீழயும் பலமில்லாம நிக்கற அந்த இடத்தை சக்கரமே இழுத்துக் கடத்திவிடும், வேகம் சாகாம இருக்குற வரைக்கும்தான். பள்ளத்துல இருந்து வர்ற வேகத்தை முழுசா பிரேக்ல தீத்துடாம கொஞ்சம் எடுத்துக்கிட்டே ஏறுங்க.

தொண்டியில இருந்து: ஃபிக்ஸட் ஹப்பு இங்க கிடைக்கல. சாதா சைக்கிள் ஃப்ரீவீலை உள்ள வெல்டிங் வச்சு இறுக்கிக் குடுக்குறேன்னு ஒரு மெக்கானிக் சொல்றார், செலவு கம்மி. செய்யலாமா அண்ணே?

வேண்டாம் தம்பி. கெஞ்சிக் கேக்குறேன், வேண்டாம்.

ஃப்ரீவீல் ஹப்புல வலது மரையில ஏறி இருக்கு. முன்னாடி மிதிக்க மிதிக்க அது இறுகும். ஃபிக்ஸட்ல வேகம் குறைக்க காலைப் பின்னாடி எதிர்த்து மிதிப்பீங்க, அப்ப அதே மரை கழலுற பக்கம் திரும்பும். சரியான ஃபிக்ஸட் ஹப்புல இதுக்குன்னே இடது மரை வெட்டி ஒரு பூட்டு வளையம் போட்டிருப்பான், பல்சக்கரம் கழலப் பாத்தா வளையம் இன்னும் இறுகிப் பிடிக்கும். சாதா ஹப்புல அந்த இடது மரை கிடையவே கிடையாது. வெல்டிங் பல்சக்கரத்தைத்தான் ஒட்டும், மரையை ஒட்டாது. ஒரு வாரம் நல்லா ஓடும், ஒரு நாள் இறக்கத்துல எதிர்த்து மிதிக்கும்போது லொடக்குன்னு சுத்திக்கிட்டு விட்டுடும், பிரேக்குன்னு நினைச்சுக்கிட்டு இருந்தது அந்த நிமிஷம் இல்லாமப் போயிடும். வலது மரை வளையம் ஒண்ணை மேல போட்டு இறுக்குறேன்னு யாராவது சொன்னாலும் இதே பதில்தான். ஹப் வாங்கற வரைக்கும் ஃப்ரீவீலோடவே ஓட்டுங்க, 44-18ல ஒத்தை கியர் வண்டி நல்ல வண்டி.

நான் உச்சிப்புளி பக்கம் ஒரு ஸ்கூல்ல டீச்சர். தம்பி வெளிநாடு போறப்ப அவனோட ஃபிக்ஸட் சைக்கிளைக் குடுத்துட்டுப் போனான். ஸ்கூல் 6 கிலோமீட்டர். சுடிதார்ல ஓட்டலாமா? கியர் மாத்தணுமா?

டீச்சர், கியரை விட முதல்ல துப்பட்டா. சாதா வண்டியில துணி செயின்ல மாட்டினா மிதிக்கறதை நிறுத்துவோம், நின்னுடும். ஃபிக்ஸட்ல நிறுத்த முடியாது, வண்டி ஓடுற வேகத்துக்கு அது இழுத்துக்கிட்டே போகும். பேன்ட்டோட அடிப்பகுதிக்கும் இதேதான், ஷூ லேஸுக்கும் இதேதான். அதனால உங்க ஹப்புல அடுத்த பக்கம் மரை இருந்தா ஃப்ரீவீல் போட்டுத் திருப்பிடுங்க, ரெண்டு பிரேக்கும் மாட்டுங்க, பெட்டி மாதிரி முழு செயின் கவர் மாட்ட முடியுமான்னு கடையில கேளுங்க. கியரைக் கேட்டீங்கன்னா, பின்னாடி பேக், டிபன், நோட்டுக் கட்டு எல்லாம் கேரியர்ல இருக்கும்ல, 2.3 பக்கம் வச்சுக்குங்க. வாடை மாசத்துல காலையில ஸ்கூலுக்கு லேட் ஆகாது.

எனக்கு 54 வயசு, ராமநாதபுரம். முப்பது வருஷம் பழைய இரும்பு சைக்கிள்தான், ஒரு நாளும் முட்டி வலிச்சதில்ல. பையன் ஆசையா ஃபிக்ஸட் வாங்கிக் குடுத்தான், 46-16. ஒரு மாசத்துல முட்டிக்கு முன்னாடி வலி. வயசாயிடுச்சா?

வயசுன்னு முடிவு கட்டாதீங்க அண்ணே, பல்லை எண்ணிப் பாருங்க. எங்க அப்பாவோட வண்டியில நான் எண்ணினேன், முன்னாடி 44, பின்னாடி 18, 28 இஞ்ச் சக்கரம், ஒரு மிதிக்கு 5.4 மீட்டர். உங்க பையன் குடுத்தது 6 மீட்டர். கூடவே, பழைய வண்டியில காத்து பின்னாடி இருந்து தள்ளும்போதும் பாலத்துல இறங்கும்போதும் காலை ஆத்திக்கிட்டீங்க, இதுல ஆத்தவே முடியாது, நிறுத்தறதுக்கும் முட்டிதான். பின்னாடி 19 போடுங்க, 5.1 மீட்டருக்கு வந்துடும். சீட்டு உசரமும் பாருங்க, பெடல் அடியில இருக்கும்போது குதிகாலை வச்சா கால் நேரா நீளணும், சீட்டு தாழ்ந்திருந்தா முட்டிக்கு முன்னாடிதான் வலிக்கும். ஒரு மாசம் எதிர்த்து மிதிச்சு நிறுத்தாதீங்க, பிரேக்கைப் பிடிங்க. வீக்கம் இருந்தாலோ, ரெண்டு வாரம் ஓட்டாம இருந்தும் வலி இருந்தாலோ டாக்டர்கிட்ட காட்டிடுங்க. பையன்கிட்ட பல்லு மாத்தச் சொன்னா மனசு கஷ்டப்பட மாட்டான், அப்பா ஓட்டணும்னுதானே வாங்கினான்.

ராமேஸ்வரத்துல இருந்து: தனுஷ்கோடி போயிட்டு வந்தா ரெண்டே நாள்ல செயின் துரு ஏறிடுது. சரியான கியர் போட்டும் மிதிக்க கனமா இருக்கு. என்ன எண்ணெய் போடலாம்?

துரு ஏறின செயின் கண்ணி கண்ணியா இறுகிப்போய்த் தானே பின்னாடி ஒரு பல்லு குறைஞ்ச மாதிரி கனக்கும், நீங்க சொல்றது சரிதான். 2017-ல அரிச்சல்முனை வரைக்கும் ரோடு போட்டதுல இருந்து எல்லாரும் கடல் ஓரமாவே போறோம், ரெண்டு பக்கமும் உப்புத் தெறிக்கும், மணலும் பறக்கும். வந்த அன்னிக்கே, மறுநாள் இல்ல, நல்ல தண்ணி ஒரு குடம் மெதுவா ஊத்திக் கழுவி, துணியால ஒத்தி எடுத்து, வெயில்ல காய வச்சு, ஒவ்வொரு கண்ணி முட்டுலயும் ஒரு சொட்டு செயின் ஆயில், அப்புறம் வெளிய வழியறதைத் துடைச்சிடணும், வழிஞ்சது இருந்தா மணலை இழுக்கும். சமையல் எண்ணெய் போடாதீங்க, பிசினாப் போயிடும். செயின் டென்ஷனும் அப்பவே பாத்துக்குங்க, நடுவுல விரலால மேலும் கீழும் அசைச்சா அரை இஞ்ச் ஆடணும், அதை விடத் தொளதொளன்னு இருந்தா இறக்கத்துல கழண்டு பின் சக்கரத்தையே பூட்டிடும்.

துடைக்கும்போது ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. வண்டியைத் தலைகீழா நிறுத்தி, பெடலைச் சுத்தி விட்டுட்டு ஓடுற செயின்ல துணியைப் பிடிப்போம்ல, சாதா வண்டியில அது பழக்கம். ஃபிக்ஸட்ல துணி பல்லுல மாட்டினா விரலும் கூடவே போகும், சக்கரம் சுத்துற வரைக்கும் அது நிக்காது. சக்கரத்தை நிறுத்தி வச்சு, ஒரு சாண் துடைச்சு, கையை எடுத்துட்டு நகத்தி, அடுத்த சாண் துடைங்க.